நாற்சந்தியும் நாடகமும்

“சிவப்பு விளக்கு எரிந்தால் நில், பச்சை விளக்கு எரிந்தால் செல், வெள்ளைக் கோடுகளின் மேல் நடந்து சாலையைக் கட, இரு சக்கர வண்டியில் இருவருக்கு மேல் ஏறாதே.” இவ்விதிகளை நம் பள்ளியின் மூன்றாம் வகுப்புச் சிறுமியும் தட்டுத் தடுமாறாமல் ஒப்பிப்பாள். சாலைப் பாதுகாப்பு பற்றி ஓவியப் போட்டி என்றால், எங்களுள் எத்தனை பேர் போட்டி போட்டுக்கொண்டு வரைகிறோம்! பேச்சுப் போட்டி என்றாலும் அவ்வாறே. ஆயினும் மாலை மணி அடித்தபின் எந்தப் பள்ளியின் வாயிலிலும் சற்றே நின்று பாருங்கள். ஒரே ஸ்கூட்டரில் தந்தை, முன்னே நின்றபடி தம்பி, பின்னே புத்தகப் பைகளுடன் அக்காள்மார் இருவர். நின்ற பஸ்ஸின் முன்புறமாகக் குனிந்து ஓடுவோர் ஒரு புறம். டெம்போவின் படியில் ஒற்றைக் காலுடன் தொங்குவோர் மறுபுறம். காலையில் ஒப்பித்த விதிகள் மாலையில் காற்றில் பறக்கின்றன.

இதற்கு அறியாமையா காரணம்? அன்று. அறிந்ததை உரிய நேரத்தில் செய்யவும் சொல்லவும் பழகாமையே காரணம் என்பது எங்கள் கருத்து. நீந்துவது எப்படி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் நீச்சல் வந்துவிடுமா? சாலையில் நடப்பதும் அத்தகையதே. ஆகவே சாலைப் பாதுகாப்பைச் சொற்பொழிவாக மட்டும் கற்பிக்காமல், நாடகத்தின் வாயிலாகவும் பயிற்சிப் பட்டறைகளின் வாயிலாகவும் கற்பிக்க வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் நம் ஊர்ச் சாலையை எண்ணிப் பார்ப்போம். புதுவையிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம் ஆகிய ஊர்களைக் கடந்து தவளக்குப்பத்தின் நடுவே ஓடுகிறது. முன்னாளில் 45ஏ என்ற எண்ணால் வழங்கிய இச்சாலை, இன்று சென்னையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் 32ஆம் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. கிழக்கே நல்லவாடு, பூரணாங்குப்பம் முதலிய ஊர்களிலிருந்தும், மேற்கே அபிஷேகப்பாக்கத்திலிருந்தும் வருவோர் இங்கேதான் கூடுகின்றனர். மீன் விற்கச் செல்லும் தாய்மார், வேலைக்குச் செல்வோர், கல்லூரி பஸ்கள், விடுமுறை நாட்களில் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையை நாடி வரும் வெளியூர்க் கார்கள், இவற்றின் இடையே நாம். தொலைவிலிருந்து வருவோர்க்கு இது விரைந்து கடக்க வேண்டிய வழி. நமக்கோ இது வீட்டு வாசல். ஒரே சாலையை ஒருவர் வழியாகவும் மற்றொருவர் வாசலாகவும் எண்ணும்போது, இழப்பு வாசலில் நிற்பவர்க்கே நேர்கிறது.

அந்த இழப்பு எத்துணைப் பெரிது! மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். ஐந்து வயது முதல் இருபத்தொன்பது வயது வரை உள்ளோரின் உயிரைக் கவரும் காரணங்களுள் உலகிலேயே முதலிடம் சாலை விபத்துக்கே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாங்கள் அனைவரும் அந்த வயதுக்குள் இருப்பவர்கள். இன்னொரு கணக்கும் உண்டு. அதே 2022இல் தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர்; அவர்களுள் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர், பின்னால் அமர்ந்து சென்றவர்கள்!

பின்னால் அமர்ந்து செல்பவர் யார்? பெரும்பாலும் நாம்தாம். தந்தையின் பின்னால் மகள், அண்ணன் பின்னால் தங்கை, கணவர் பின்னால் மனைவி. வண்டியின் வேகம் நம் கையில் இல்லை. பிரேக்கும் நம் காலில் இல்லை. நம்மிடம் இருப்பது வாய் ஒன்றே. “அப்பா, மெதுவாகப் போங்கள்” என்னும் மூன்று சொற்களே நமக்குள்ள பாதுகாப்பு. ஆனால் அந்த மூன்று சொற்களும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், பெண் பிள்ளை அடக்கமாக இரு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவை நல்ல பாடங்களே. எனினும், உயிர் போகும் வேளையிலும் வாய் திறவாமல் இருப்பது அடக்கம் ஆகுமா? விதிகளை நமக்குக் கற்பித்தவர்கள், அவற்றை மரியாதை குன்றாமல் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லும் விதத்தைக் கற்பிக்கவில்லை. இந்தக் குறையைப் போக்க வல்லது நாடகமே.

நாடகம் என்றதும் எல்லாருக்கும் ஒரு காட்சி நினைவுக்கு வரும். வேகமாக வரும் ஒருவர் மேடையில் விழுவார். வெள்ளைச் சட்டையில் சிவப்புச் சாயம் பரவும். தாயாக நடிப்பவள் தலைவிரி கோலமாக அலறுவாள். இறுதியில் ஒருவர் முன்வந்து நீதி கூறுவார். முன்வரிசைக் குழந்தைகளோ சாயத்தைக் கண்டு சிரிப்பார்கள்! இவ்வகை நாடகம் ஒரு நாள் அச்சத்தைத் தரலாம். மறுநாள் சாலையில் என்ன செய்வது என்பதைத் தராது. நாங்கள் வேண்டுவது விபத்தைக் காட்டும் நாடகத்தை அன்று, விபத்துக்கு ஒரு நிமிடம் முன்பு நடப்பதைக் காட்டி, “இப்போது நீ என்ன செய்வாய்?” என்று பார்ப்பவரை வினவும் நாடகத்தையே.

அத்தகைய நாடகம் உலகில் இல்லாத ஒன்றன்று. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரின் பெல்கிரேட் நாடக அரங்கு, 1965ஆம் ஆண்டிலேயே நடிகர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி, மாணவர்களையும் பங்குபெறச் செய்து, நாடகத்தின் வழியே பாடம் கற்பிக்கத் தொடங்கியது. 1970களில் பிரேசில் நாட்டு நாடகாசிரியர் அகஸ்தோ போவால் ‘விவாத அரங்கு’ என்னும் முறையை உருவாக்கினார். அதில் ஓர் இக்கட்டு நடித்துக் காட்டப்படும். பின்பு அதே காட்சி மீண்டும் நடக்கும். பார்த்துக்கொண்டிருப்பவர் யாராயினும் “நிறுத்துங்கள்” என்று கூறி மேடையேறி, இக்கட்டில் சிக்கியவரின் இடத்தில் நின்று வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். நம் நாட்டில் 1985இல் தோன்றிய மேற்கு வங்கத்தின் ‘ஜன சன்ஸ்கிருதி’ என்ற அமைப்பு இம்முறையைச் சிற்றூர்களில் கையாண்டு வருகிறது.

நம் புதுவை மண்ணுக்கும் நாடகம் புதிதன்று. சிறுவர்களைக் கொண்டே நாடக சபை நடத்திய தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தது இந்தப் புதுவையிலேதான். புதுவைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் நிகழ்கலைப் பள்ளி தோன்றியது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலோ தெருக்கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிறது. இத்துணை வளம் இருக்கும் இடத்தில், சாலைப் பாதுகாப்புக்கு மட்டும் நாம் ஏன் சுவரொட்டியோடு நின்றுவிட வேண்டும்?

எங்கள் எண்ணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மேடையில் இரண்டு நாற்காலிகள், அதுவே ஸ்கூட்டர். முன்னே தந்தையாக ஒருத்தி, பின்னே மகளாக ஒருத்தி. கடலூர் சாலையில் வண்டி விரைகிறது. தந்தையின் சட்டைப் பையில் செல்பேசி ஒலிக்கிறது. அவர் அதைத் தோளுக்கும் காதுக்கும் இடையே வைத்துப் பேசத் தொடங்குகிறார். மகள் வாய் திறவாமல் இருக்கிறாள். இங்கே காட்சி நிற்கிறது. “இவள் இடத்தில் நீங்கள் இருந்தால்?” என்று கேள்வி எழுகிறது.

ஒருத்தி மேடையேறி, “போனை வைங்கப்பா!” என்று கத்துகிறாள். தந்தையாக நடிப்பவளோ, “எனக்கே வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கிறியா?” என்று சீறுகிறாள். அரங்கம் சிரிக்கிறது, எல்லார் வீட்டிலும் கேட்ட குரல் அல்லவா! அடுத்தவள், “அப்பா, எனக்குப் பயமா இருக்குப்பா, ஓரமா நிறுத்திட்டுப் பேசுங்கப்பா” என்கிறாள். இம்முறை தந்தையின் குரல் தணிகிறது. மூன்றாமவள் நாற்காலியில் ஏறவே இல்லை. வீட்டு வாசலிலேயே தலைக்கவசத்தை எடுத்துத் தந்தையின் கையில் கொடுத்து, “போனை என் பையில வைச்சுக்கிறேன், குடுங்கப்பா” என்கிறாள். வண்டி ஓடும்போது சொல்வதைவிட, ஓடுமுன் சொல்வது எளிது என்னும் உண்மையை அரங்கமே ஒரு நொடியில் உணர்கிறது. இதை எந்தப் பாடநூலும் இவ்வளவு விரைவாகக் கற்பித்துவிட முடியாது. மேடையில் ஒரு முறை சொன்ன நாவுக்கு வீட்டில் சொல்லும் துணிவு பிறக்கும். “அண்ணே, இதுக்கு மேல ஆளை ஏத்தாதீங்கண்ணே” என்று ஆட்டோக்காரரிடம் கூறுவதையும் இப்படியே பழகலாம்.

நாடகம் நாவைப் பழக்கும். பட்டறையோ கண்ணையும் காலையும் பழக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஏழு மீட்டர் அகலமுள்ள சாலையை நாம் நடந்து கடக்க ஆறு விநாடியேனும் ஆகும். அதற்குள் அந்த பஸ் 100 மீட்டர் வந்துவிடும்! இதைக் கணக்கு நோட்டில் போடுவதோடு நிறுத்தாமல், விளையாட்டுத் திடலில் நாடா பிடித்து 100 மீட்டர் அளந்து, ஒரு முனையில் தோழி ஒருத்தியை நிற்கச் செய்து, மறுமுனையிலிருந்து நம் கண்ணால் பார்க்க வேண்டும். “பஸ் அவ்வளவு தொலைவில் இருந்தால்தான் கடக்கலாமா?” என்று வியப்போம். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதும் அங்கே விளங்கும். நின்ற பஸ்ஸின் மிக அருகில், முன்புறம் குனிந்து செல்லும் குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது என்பதை, ஓட்டுநர் இருக்கையில் ஒவ்வொருவராக அமர்ந்து பார்த்தால் என்றும் மறவோம். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடப்பது, தலைக்கவசத்தின் வாரைத் தாடையின் கீழ் இறுக்கிப் பூட்டுவது, விபத்தைக் கண்டதும் 108க்கு அழைத்து இடத்தைத் தெளிவாகக் கூறுவது ஆகியவையும் செய்து பழக வேண்டியவையே. அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுவோரைச் சட்டம் காக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இதற்கெனத் தனிப் பிரிவையே சேர்த்தது. இதை அறியாமல் எத்தனை பேர் ஒதுங்கிச் செல்கின்றனர்!

“பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில் நாடகமா?” என்று பெற்றோர் சிலர் வினவலாம். மாதத்திற்கு ஒரு மணி நேரம் போதும். தேர்வு மண்டபத்திற்குப் போய்ச் சேர்ந்தால்தானே தேர்வு எழுத முடியும்? “பிள்ளைகள் பெரியோர்க்குப் புத்தி சொல்வதா?” என்றும் சிலர் முகம் சுளிக்கலாம். தாய் தந்தையரை மதித்து நடப்பது என்பது அவர்கள் உயிரையும் மதிப்பதே ஆகும். தந்தையின் மீது அன்பில்லாத மகளா அவரை மெதுவாகப் போகச் சொல்வாள்?

வேறொரு கேள்வியை நாங்களே கேட்டுக்கொள்கிறோம். சாலை சரியில்லாமல், வெள்ளைக் கோடு அழிந்து, வேகத்தடை இன்றி, ஓட்டுநர் கட்டுப்பாடு இன்றி இருக்கும்போது, பிள்ளைகளை மட்டும் திருத்தினால் போதுமா? போதாது. பத்து வயதுக் குழந்தையின் தலையில் முழுப் பொறுப்பையும் ஏற்றிவிட்டுப் பெரியவர்கள் கைகழுவிவிடக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவரிடம் வண்டியைக் கொடுத்து விபத்து நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று மேற்கூறிய திருத்தச் சட்டமே விதிக்கிறது. அதாவது, சட்டம் முதலில் கேள்வி கேட்பது பெரியவர்களைத்தான். ஆகவே இந்நாடகங்கள் மாணவியர் முன்பு மட்டும் நடந்தால் பயனில்லை. பெற்றோர் கூட்ட நாளில், அப்பாக்களும் அம்மாக்களும் அமர்ந்திருக்கும்போது நடக்க வேண்டும். ஆட்டோ, வேன் ஓட்டும் அண்ணன்மாரையும் அழைக்க வேண்டும். சிவப்புத் தொப்பி அணிந்த நம் புதுவைப் போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து, பேச்சாளராக அல்லாமல், மேடையேறித் தம்மை நடிக்கும் சிறுமியின் முன்னால் சாதாரண ஓட்டுநராக நின்று பார்க்கட்டும். மறுமுறை ஒரு தந்தை மகளாகவும், மகள் தந்தையாகவும் நடிக்கட்டும். பின் இருக்கையின் அச்சம் முன் இருக்கைக்குத் தெரிய அதைவிட நல்ல வழி இல்லை.

1989 முதல் வாரமாகக் கொண்டாடப்பட்டு வந்த சாலைப் பாதுகாப்பு, 2021இல் முதன்முறையாக மாதமாக நாடெங்கும் கொண்டாடப்பட்டது. வாரம் மாதமானது நன்றே. ஆனால் சாலையில் நாம் நடப்பதோ ஆண்டு முழுவதும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். ஐந்து வயதில் கால் பழகட்டும். பத்து வயதில் கண் பழகட்டும். பதினைந்து வயதில் நாவும் பழகட்டும்.

மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே, ஆசிரியப் பெருமக்களே, வரும் கல்வியாண்டில் மாதம் ஒரு மணி நேரத்தை எங்களுக்குத் தாருங்கள். நாடகத்தை நாங்களே எழுதுகிறோம்; நாற்காலிகளையும் நாங்களே தூக்கி வருகிறோம். அன்புப் பெற்றோரே, அந்நாளில் தவறாமல் வந்து முன்வரிசையில் அமருங்கள். அருமைத் தங்கைகளே, நாளைக் காலை வண்டியில் ஏறுமுன் தலைக்கவசத்தை எடுத்து அப்பாவின் கையில் கொடுங்கள். உங்களுக்கும் ஒன்று கேளுங்கள். நான்கு வயதைக் கடந்த அனைவரும் அணிய வேண்டும் என்பதே சட்டம். பிறகு புன்னகையோடு, மரியாதையோடு, ஆனால் அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்: “அப்பா, மெதுவாகப் போங்கள்.”