நீரில் இறப்பது எது?

ஞானஸ்நானம் என்றால் பெயரை மாற்றிக்கொள்வது என்றே நம்மவருட் பலர் எண்ணிவருகின்றோம். வேதாகமம் கூறுவது வேறு. உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 6ஆம் அதிகாரத்திற் பவுல் அதனை மரணமாகவே விளக்குகின்றார். நீருள் மூழ்குவோன் கிறிஸ்துவோடு இறந்து அடக்கமாகின்றான். எழுவோன் புதுவாழ்வுக்கு எழுகின்றான். ஆதலின் அஃது ஒருமுறையே நிகழ்வது. நாடோறும் கேணியில் மூழ்கித் திருநீறணியும் நம் வழக்கத்தோடு அதனை ஒப்பிடுதல் பொருந்தாது.

அங்ஙனமாயின் நீரில் இறப்பது எது? பாவம் என்பர் கிறிஸ்தவர். மொழியும் புலமையும் உடன் இறந்தன என்று நாம் சொல்லிக்கொள்வதுண்டு. அது நியாயமன்று. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று கிறிஸ்தவரான சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட் என்னும் பெயரையும் தாங்கினார். உதயதாரகைப் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்தார். 1886இல் அவர் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகத்திலோ சைவப் புலவர் வரலாறுகள் மலிந்து கிடக்கின்றன. தமிழை நீரிற் கரைத்துவிட்டவர் செய்யும் பணியா இது?

கல்வியையும் உத்தியோகத்தையும் நாடி ஞானஸ்நானம் பெற்றோரும் இருந்தனர், மறுப்பதற்கில்லை. மத்தேயு சுவிசேஷத்தின் முடிவிலுள்ள கட்டளையோ சீடராக்குதல், ஞானஸ்நானங் கொடுத்தல், போதித்தல் என்னும் மூன்றையும் சேர்த்தே பணிக்கின்றது. தலைக்கணக்கெடுப்போர் நடுவிலுள்ளதை மட்டும் பற்றிக்கொள்கின்றனர். அவர்களை எள்ளும் நாமும் அவ்வாறே செய்கின்றோம்.

பேர்சிவல் பாதிரியாரோடிருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்த ஆறுமுக நாவலர் அக்கட்டளையை நன்கறிந்தவர். சொற்சொல்லாக அந்நூலோடு பழகியும் அவர் ஞானஸ்நானம் பெற்றாரல்லர். 1879இற் சைவராகவே மறைந்தார்.