சப்த கன்னியர் மலை சொல்லும் பாடம்

1974 டிசம்பர் 4, இரவு பத்து மணி கடந்திருந்தது. சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரையும் பணியாளர் 9 பேரையும் ஏற்றி வந்த மார்ட்டின்ஏர் டிசி-8 விமானம் கட்டுநாயக்காவில் தரையிறங்கத் தாழ்ந்துகொண்டிருந்தது. நிலையமோ இன்னும் சுமார் 40 கடல்மைல் மேற்கே இருந்தது. எதிரில் நின்றது, மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ் தோட்டங்களுக்கு மேலே எழும் சப்த கன்னியர் மலை. ஒருவரும் பிழைக்கவில்லை.

லயங்களைப் பஞ்சம் வாட்டிய காலம் அது. தன் வீட்டுச் சாவுகளையே தாங்க முடியாதிருந்த மலையகம், அந்நிய நாட்டவரின் 191 சாவுகளையும் தன் நினைவில் ஏற்றுக்கொண்டது.

நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று விமானிகள் நம்பினார்கள். டாப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் மட்டும் சார்ந்திருந்தது அந்தத் தவறான கணிப்புக்கு இடமளித்தது என்றது விசாரணை. இந்த விபத்துக்கு மூன்று நாள் முன்புதான் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டிடபிள்யூஏ விமானம் ஒன்று இப்படியே மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களுக்கு அமெரிக்கா கட்டாயமாக்கியது அதன் பிறகே.

பயிற்சிக்குப் பயன்படும் சிறு விமானங்களுக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. எச்சரிக்கை மிக அதிகமாகத் தேவைப்படுவது கற்றுக்கொள்பவருக்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம். கண்ணால் பார்த்துப் பறக்கப் பழகும் மாணவர், மேகத்துக்குள் நுழைந்ததும் தன் உடல் சொல்வதை நம்பத் தொடங்குகிறார். விமானம் சாய்ந்திருந்தாலும் நேராகப் பறப்பதாகவே உடல் சொல்லும். மலையகத்திலோ நொடியில் பனிமூட்டம் பள்ளத்தாக்கை மூடிவிடும். பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கிறது. 'திரும்பிவிடு' என்பதைத் தயக்கமின்றிச் செய்யப் பழக்குவதே இங்கே முதற்பாடமாக இருக்க வேண்டும்.

2020 ஜனவரி 3 காலை, வீரவிலவிலிருந்து கண்காணிப்புக்குப் புறப்பட்ட விமானப்படையின் வை-12 சிறு விமானம் ஹப்புத்தளையில் விழுந்து நால்வர் மாண்டார்கள். அவர்கள் பயிற்சி மாணவர்கள் அல்லர். ஆனால் பயிற்சி முடித்து இறக்கை பெறும் ஒவ்வொருவரும் ஒருநாள் இந்த மலைகளின் மேல் பறக்கவே போகிறார்கள். 1974ஆம் ஆண்டு விசாரணை அறிக்கையை இந்நாட்டுப் பயிற்சிப் பள்ளிகள் பாடமாக வைக்க வேண்டும். மலைமேல் பறக்கும் பயிற்சி விமானம் ஒவ்வொன்றிலும் எச்சரிக்கைக் கருவி பொருத்தும் செலவை அரசு ஏற்க வேண்டும்.