கொஞ்சம் பழுப்பாக இருக்கட்டுமே



நம் இதழின் தாளைப் பற்றி உங்களில் பலர் எழுதுகிறீர்கள். 'தாள் இன்னும் வெள்ளையாக இருந்தால் எடுப்பாக இருக்குமே' என்பது அடிக்கடி வரும் குறை. நியாயமான ஆசைதான். ஆனாலும் அந்த வெண்மைக்காக ஆறும் நாரும் கொடுக்கும் விலையை உங்களோடு பேசிவிட வேண்டும் என்று தோன்றியது.

மரத்தில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு செல்லுலோஸ். காகிதத்துக்கு வேண்டியது அந்த நார்தான். நார்களைப் பிணைத்து மரத்துக்கு விறைப்புத் தருவது லிக்னின். சில்லுகளாக வெட்டிய மரத்தைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் வேகவைத்தால் லிக்னினின் பெரும்பகுதி கரைந்துவிடும். மிஞ்சும் சொற்ப லிக்னினே கூழைப் பழுப்பாக வைத்திருக்கப் போதும். அதை நீக்குவதுதான் வெளுப்பு.

நெடுங்காலம் இந்த வேலையைச் செய்தது குளோரின் வாயு. விலை மலிவு, லிக்னினைத் தேடிப் பிடித்துத் தாக்கும், செல்லுலோஸை அதிகம் தொடாது. ஆனால் லிக்னினும் குளோரினும் சேர்ந்து உண்டான நச்சுச் சேர்மங்கள் கழிவுநீரோடு ஆறுகளில் இறங்கின. 1980களின் நடுவில், அமெரிக்கக் காகித ஆலைகளுக்குக் கீழ்ப்புறம் ஓடும் ஆறுகளின் மீன்களில் டையாக்சின் இருப்பது தெரியவந்தது. உடலின் கொழுப்பில் தங்கி, உணவுச் சங்கிலியில் மேலே ஏற ஏறச் செறிவு கூடும் நஞ்சு அது. அதன் மிகக் கொடிய வகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் அறிவித்தது.

இந்தக் கதையில் பத்திரிகைகளுக்கும் ஓர் இடம் உண்டு. குளோரின் இல்லாத தாளில் பெரிய வார இதழ்களை அச்சிட முடியாது என்று சொல்லப்பட்டுவந்த காலத்தில், ஜெர்மனியின் 'டேர் ஷ்பீகல்' இதழைப் போலவே தோற்றமளிக்கும் ஓர் இதழை, குளோரின் படாத தாளில் 1991இல் அச்சிட்டுக் காட்டியது கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு. வாசகர்கள் கேட்டார்கள், பதிப்பாளர்கள் மாறினார்கள், ஆலைகளும் மாறின.

அந்த மாற்றம் இரண்டு வழிகளில் நடந்தது. ஒன்று, குளோரின் வாயுவை விட்டுக் குளோரின் டை ஆக்சைடைப் பயன்படுத்துவது. டையாக்சின் உருவாவது இதில் பெருமளவு அடங்கிவிடுகிறது. உலகில் வெளுக்கப்படும் வேதிக்கூழில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இன்று இந்த வழியில்தான்; கரூர் மாவட்டம் காகிதபுரத்தின் டி.என்.பி.எல். ஆலையும் இந்த வழிக்கு வந்திருக்கிறது. மற்றொன்று, குளோரினின் எந்த வடிவமும் இல்லாமல் ஆக்சிஜன், ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றால் வெளுப்பது. இதன் கழிவுநீரில் குளோரைடு இல்லாததால், அரிப்புக்கு அஞ்சாமல் அதை ஆலைக்குள்ளேயே திருப்பிப் பயன்படுத்த வழியுண்டு. ஆறு பிழைக்கும்.

சிக்கல் செல்லுலோஸிடம் தொடங்குகிறது. குளுக்கோஸ் அலகுகளை மணிகளாகக் கோத்த நீண்ட மாலை அது. மரத்தில் ஒரு சங்கிலிக்குச் சுமார் பத்தாயிரம் அலகுகள். வேகவைத்து வெளுத்த பிறகு ஆயிரத்தை ஒட்டி நின்றுவிடும். ஓசோனும் பெராக்சைடும் சிதையும்போது ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் பிறக்கின்றன. இவற்றுக்கு லிக்னின், செல்லுலோஸ் என்ற பேதம் இல்லை. குளுக்கோஸ் வளையத்தை ஆக்சிஜனேற்றி அங்கே கார்போனைல் தொகுதிகளை உண்டாக்கும். பிறகு காரம் பட்டதும் அந்த இடத்தில் சங்கிலி அறும். அறாமல் மிஞ்சிய கார்போனைல்களோ நாள்பட நாள்படத் தாளை மஞ்சளாக்கும். சங்கிலி எவ்வளவு நீளம் மிஞ்சியிருக்கிறது என்பதைக் கூழைக் கரைத்து அதன் பாகுத்தன்மையை அளந்து கண்டுகொள்கிறார்கள். ஓர் எல்லைவரை நார் தாங்கும். அதைத் தாண்டினால் தாளின் வலிமை சரசரவென்று சரியும்.

இதற்கு வேதியியலாளர்கள் கண்ட பரிகாரங்கள் மெச்சத்தக்கவை. மக்னீசியம் உப்பு சேர்த்தால் ஆக்சிஜனின் தாக்குதலிலிருந்து செல்லுலோஸ் காக்கப்படுகிறது என்று 1960களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதை அடியொற்றி 1970இல் தென்னாப்பிரிக்காவின் என்ஸ்ட்ரா ஆலையில் ஆக்சிஜன் வழி லிக்னின் நீக்கம் வணிக அளவில் நடைமுறைக்கு வந்தது. மரத்திலேயே இருக்கும் மாங்கனீசு, இரும்பு, செம்பு ஆகியவை பெராக்சைடைச் சிதைத்துக் கேடு செய்யும் என்பதால், இ.டி.டி.ஏ. போன்ற பொருளால் அவற்றைப் பிடித்துக் கழுவிவிட்டு, அதன்பிறகே பெராக்சைடைச் சேர்க்கிறார்கள். ஓசோனை அமிலத்தன்மையுள்ள கூழில், சூடு ஏறாமல் கொடுக்கிறார்கள். இவ்வளவும் கவனமாகச் செய்தால், ஆற்றையும் காக்கலாம், நாரையும் காக்கலாம்.

எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் முக்கியம். ஆக்சிஜனால் மிச்ச லிக்னினில் பாதியை நீக்குவதுவரை செல்லுலோஸுக்குப் பெரிய சேதமில்லை. அதற்கு மேல் அதையே தொடர்ந்தால் நார் நலியத் தொடங்கும். பளீரென்ற வெண்மையின் கடைசிச் சில புள்ளிகளுக்குத்தான் வேதிப்பொருளும் அதிகம் செலவாகிறது, செல்லுலோஸும் அதிகம் அறுபடுகிறது. அந்தச் சில புள்ளிகளால் நீங்கள் படிக்கும் ஒரு வரிகூடத் தெளிவு கூடுவதில்லை. கண் கூசாத மென்பழுப்புத் தாளில் எத்தனையோ நல்ல புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள் நாம்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும்போது அட்டையைத் திருப்பி, குளோரின் இல்லாத வெளுப்பா என்று பாருங்கள். குறிப்பு இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். காபி வடிதாள், கைதுடைக்கும் தாள் போன்றவற்றுக்கு வெண்மையே தேவையில்லை, வெளுக்காததையே வாங்குங்கள். நம் இதழுக்கும் கொஞ்சம் பழுப்பான தாளே போதும் என்பது என் முடிவு. உங்கள் எண்ணத்தை எழுதுங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் படிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்