தோல் ஒன்று, தீட்டு மட்டும் எப்படி இரண்டு?

எங்கள் சபையில் ரசீது நோட்டு போட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கால்துருத்தி ஆர்கன் ஒன்று மூச்சடைத்துக் கிடக்கிறது, அதைப் புதுப்பிக்க வேண்டுமாம். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் இதே கமிட்டியிடம் மூன்று வருஷமாக நான் கேட்டுவரும் காரியம் ஒன்று உண்டு. ஈஸ்டர் விடியற்கால ஆராதனையில் நம் பையன்கள் பறை அடிக்கட்டும். செலவு, காய்ச்சுவதற்கு ஒரு கட்டு வைக்கோல். 'ஆலயத்துக்கு ஏற்றதல்ல' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்களில் பாதிப்பேர் நம் சேரிக்காரர்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஏற்றது, ஏற்காதது என்பதை யார் தீர்மானித்தது? ஆர்கன் கோயிலில் பிறந்த கருவியல்ல. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தெசிபியஸ் என்ற பொறியாளன் தண்ணீர் அழுத்தத்தால் காற்றைத் தள்ளிக் குழல்களை ஊத வைத்தான். ரோமாபுரியில் அது மனுஷனை மனுஷன் வெட்டிக்கொள்ளும் களியாட்டக் களங்களில் முழங்கியது. 757இல் பைசாந்தியப் பேரரசன் பிராங்கிய அரசன் பெப்பினுக்கு அரசாங்கப் பரிசாக ஒன்றை அனுப்பினான். ஐரோப்பியக் கோயில்களுக்குள் அது நிலையாகக் குடியேறியது அதற்கும் பிறகுதான். ரத்தக் களத்தில் வாசித்த கருவிக்கு ஞானஸ்நானம் உண்டு. சாவு வீட்டில் அடித்த பறைக்கு மட்டும் கிடையாதா?

ஸ்காட்லாந்துக்காரர்களைப் பாருங்கள். ஆலயத்தில் வாத்தியமே பாவம் என்று முந்நூறு வருஷம் தொண்டை கிழியச் சொன்னவர்கள். ஆர்கனைச் சீழ்க்கைப் பெட்டி என்று கிண்டலடித்தவர்கள். 1860களில் எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தில் ராபர்ட் லீ முதலில் ஆர்மோனியத்தையும் பிறகு ஆர்கனையும் கொண்டுவந்தபோது பெரிய ரகளையானது. அதே ஸ்காட்லாந்துத் திருச்சபை 1821இல் திறந்ததுதான் எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க். 1883இல் யார்க்ஷயரில் செய்த பைப் ஆர்கனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். பீடத்துக்கு மேலே இன்றைக்கும் நிற்கிறது, வெளிர் நிறமும் பொன்னுமாக. கீழே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அடிவயிறு அதிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆக, நேற்றைய பாவம் இன்றைய புனிதம். மனுஷன் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தான், அவ்வளவே.

இனி அந்தப் புனிதத்தின் வயிற்றைத் திறந்து பார்ப்போம். ஆர்கனின் நுரையீரல் துருத்தி. அதன் மடிப்புகள் ஆட்டுத் தோல். கட்டையை அழுத்தினால் திறக்கும் அடைப்பான்களின் முகத்திலும் தோல். ஒட்டுவதற்கு வஜ்ஜிரம், அதுவும் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. ஈயமும் தகரமும் கலந்த குழல்கள் நூறு வருஷம் தாங்கும், தோல் தாங்காது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வெடிக்கும், பூச்சி அரிக்கும். ஒரு ஆர்கனைப் புதுப்பிப்பது என்றால் பெரும்பாலும் பழைய தோலை உரித்துப் புதுத்தோல் ஒட்டுவதுதான். பறைக்கும் தோல்தான். கட்டையில் இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றுகிறோம். அவன் தோலை உள்ளே ஒளித்து வைத்தான், நாம் முகத்திலேயே வைத்தோம். வித்தியாசம் இவ்வளவுதானா, தோழர்களே? இன்னொன்றும் உண்டு. மின்சாரம் வருவதற்கு முன்னால் ஆர்கனுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்று துருத்தியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவன் கை நின்றால் தேவகானமும் நின்றுவிடும். வாசித்தவன் பெயர் வரலாற்றில் வரும். இவன் பெயர் வருவது அபூர்வம்.

கிர்க்கில் ஆர்கன் வந்த அதே 1883இல்தான் ஸ்காட்லாந்தின் சுயாதீனத் திருச்சபையும் ஆலயத்தில் வாத்தியத்துக்கு அனுமதி கொடுத்தது. அந்தச் சபையின் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ இங்கே செங்கல்பட்டில் நம் ஜனங்களின் நிலமில்லாக் கொடுமையை எழுதி எழுதி அரசாங்கத்தை நச்சரித்துக்கொண்டிருந்தார். கலெக்டர் திரெமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்கு விழுந்தார்கள். நான் அப்போது பால்வாடிப் பிள்ளை. ஒருவர் ஜான், ஒருவர் ஏழுமலை. குண்டு வேதம் பார்க்கவில்லை. காரணை நிலத்தைப் பற்றி எங்கள் சபையில் ஒரு ஜெபம் கேட்டதில்லை, ரசீது நோட்டு மட்டும் வருகிறது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில், 2005இல் செத்துப்போன தியோபிலஸ் அப்பாவு, கர்நாடக கீர்த்தனையும் வெள்ளைக்காரன் ஞானப்பாட்டும் நம்மைச் சிறையில் வைக்கின்றன என்று சொல்லி, கிராமத்து மெட்டில் முழு ஆராதனையே கட்டினார். அங்கே பாடம் படித்துவிட்டு வரும் ஐயர்மார்கூட சபை ஏறியதும் பெல்ட்டு போட்ட அங்கிக்குள் அதை மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. அதைச் சொன்னவர் கமிட்டிக்காரர் அல்ல, எங்க நைனா. "இன்னாடா பேசுற நீ? எங்கப்பன் கழுத்துல இருந்த அத்த எறக்கி வெக்கத்தான வேதத்துக்கு வந்தோம். நீ பேங்குல ஃபேன் கீழ குந்திகினு மறுபடி மாட்டிக்கச் சொல்ற." பறையடிக்க மாட்டோம் என்று ஊர்க்காரனை எதிர்த்து அடிவாங்கிய தலைமுறை அது. அந்த மறுப்பும் விடுதலைதான், அதைக் கொச்சைப்படுத்த நான் யார்? ஆனால் நைனா, உங்கப்பனை அடிக்கச் சொன்னவன் ஊரான். கூலியாகக் கொடுத்தது மிச்சச் சோறு. இப்போது அடிக்கக் கேட்பது நாமே, நம் உயிர்த்தெழுதலுக்கு. ஏவி அடிப்பதும் எழுந்து அடிப்பதும் ஒன்றா?

அவர் பதில் சொல்லவில்லை. பென்ஷன் பணத்தில் ஐந்நூறு ரூபாய் ஆர்கனுக்கு எழுதிவிட்டு வந்தார்.

ரசீது நோட்டு போன ஞாயிறு என்னிடம் வந்தது. தொகைக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை. பின்பக்கத்தில் ஒரு கேள்வி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்: துருத்திக்கு வாங்கப்போகும் தோலை எந்த வாசல் வழியாக ஆலயத்துக்குள் கொண்டுவருவீர்கள்?