சிறுதொழிலுக்குக் கடன் மட்டும் போதுமா?

புது தில்லி: குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் குறித்து நாடாளுமன்றத்தில் விவாதம் எழும்போது கடன், வட்டி, வரி ஆகிய மூன்றைச் சுற்றியே பெரும்பாலும் பேச்சு நடக்கிறது. 2025 மத்திய பட்ஜெட்டும் குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத வரம்பை ரூ. 5 கோடியிலிருந்து ரூ. 10 கோடியாக உயர்த்தியது. வரவேற்கத்தக்கதே. ஆனால், அந்தக் கடனில் வாங்கும் இயந்திரத்தை இயக்குபவரை நிறுவனம் எப்படி நடத்துகிறது என்ற கேள்வி அவையில் அபூர்வமாகவே எழுகிறது.

உற்பத்தித் திறனுக்கும் நிர்வாக முறைக்கும் உள்ள தொடர்புக்கு மும்பையை அடுத்த தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவாலைகள் சான்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக, உலக வங்கி ஆய்வாளர்கள் 2008 முதல் அங்கு 17 நிறுவனங்களை ஆராய்ந்தனர். யாருக்கு எந்தப் பொறுப்பு என வரையறுத்தல், செயல்திறனுக்கேற்ற ஊக்கத்தொகை, பழுதுகளை அன்றாடம் பதிவு செய்தல், இயந்திரப் பராமரிப்பு போன்ற நடைமுறைகள் சில ஆலைகளில் புகுத்தப்பட்டன. முதல் ஆண்டிலேயே அவற்றின் உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. உரிமையாளர் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருந்தனரோ, அதையொட்டியே நிறுவனத்தின் அளவும் அமைந்திருந்தது. வெளியாரிடம் பொறுப்பை ஒப்படைக்க அவ்வளவு தயக்கம். 2017-ல் ஆய்வாளர்கள் மீண்டும் சென்றபோது, புகுத்திய நடைமுறைகளில் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டிருந்தன. மேலாளர்கள் மாறியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆளைத் தக்கவைக்கத் தெரியாத நிறுவனம், கற்றதையும் சேர்த்தே இழக்கிறது.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணி நியமனக் கடிதத்தை வலியுறுத்துகின்றன. எனினும், பணி விதிகளை எழுத்தில் வகுக்கும் நிலையாணைக் கடமை 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே. சிறுதொழில்களில் மிகப் பெரும்பாலானவை இதற்கு வெளியே நிற்கின்றன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய ரூ. 99,446 கோடி வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டம், கூடுதலாக ஆள் சேர்க்கும் நிறுவனத்துக்கு ஒருவருக்கு மாதம் ரூ. 3,000 வரை தருகிறது. அவர் ஆறு மாதமாவது பணியில் நீடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஊக்கத்தொகை நின்றபின் அவரை அங்கே நிறுத்தி வைப்பது எது?

இருபது பேர் வேலை செய்யும் பட்டறை தனியே மனிதவள அதிகாரியை அமர்த்த இயலாது என்பது நியாயமான வாதம். வாங்கிய சரக்குக்குப் பெரிய நிறுவனங்கள் பணம் தரத் தாமதித்தால், கூலியும் தாமதமாகிறது என்பதும் உண்மை. ஆனால், ஒரே தொழிற்பேட்டையில் உள்ள ஐம்பது பட்டறைகள் சேர்ந்து ஓர் அதிகாரியை அமர்த்தலாம். கடன் திட்டத்தோடு இதற்கும் அரசு உதவினால் செலவு பெரிதன்று.

அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில், எத்தனை கோடி கடன் வழங்கப்பட்டது என்பதோடு, ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் அதே வேலையில் நீடிக்கிறார்கள் என்றும் உறுப்பினர்கள் அமைச்சரைக் கேட்க வேண்டும்.