பெயரும் ஆளும்



சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் இளைஞர் ஒருவர் நம்மைக் காணக் காத்திருந்தார். வங்கிக் கணக்குகளை இயக்கும் கணிப்பொறி நிரல்களைக் கோபோல் மொழியில் 11 ஆண்டுகள் எழுதியவர். ஆட்குறைப்பில் வேலை போயிற்று. இப்போது செல்லுமிடமெல்லாம், தன்விவரக் குறிப்பில் கோபோல் என்ற பெயரைக் கண்டதுமே பேச்சு முடிந்துவிடுகிறதாம். "ஜாவாவில் 5 ஆண்டு அனுபவம் என்று எழுதிவிடலாமா, சாமி? பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்" என்று தலைகுனிந்து வினவினார். வீட்டில் இரு குழந்தைகள், கடனும் உண்டு.

மேலாளர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஓர் இடத்திற்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன. புதுமொழி பழகச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ஊதியம் கொடுக்கவேண்டும். ஆகவே கருவியின் பெயரைக் கொண்டு ஆளை அளக்கிறார். ஆனால் பெரிய வேலையைச் சிறு கூறுகளாகப் பகுப்பதும், ஒளிந்திருக்கும் பிழையைப் பொறுமையோடு தேடிப் பிடிப்பதும் எம்மொழிக்கும் பொதுவான திறன்கள். அவை பெயரில் தெரிவதில்லை.

கோபோல் 1959-இல் உருவாகத் தொடங்கிய மொழி. காலம் கடந்தது எனப் பலரும் ஒதுக்கியது. 2020 ஏப்ரலில், கொள்ளைநோயால் வேலையிழந்தோர் உதவித்தொகை கேட்டுத் திரண்டபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர், அம்மொழி அறிந்தோர் உதவ முன்வருமாறு வெளிப்படையாக வேண்டினார். அரசின் பழைய கணிப்பொறிகள் அதனையே நம்பியிருந்தன.

நாசரேத்து என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டதும் நத்தனியேல் ஐயுற்றார். கபடற்றவர் என ஆண்டவரே பாராட்டிய நல்லவர் அவர்! பிலிப்பு அவரோடு வாதாடவில்லை. நேரில் வந்து காண அழைத்தார்.

இளைஞருக்கும் அதையே கூறினோம். பொய் எழுதுவது, தம் 11 ஆண்டு உழைப்பைத் தாமே மறுதலிப்பதாகும். அவ்வேலையில் நாள்தோறும் அச்சமே துணையிருக்கும். மாலைதோறும் ஜாவா பயின்று, சிறு வேலையொன்றை முடித்து, அதைக் கொண்டுபோய்க் காட்டுமாறு சொன்னோம்.

ஆள் எடுக்கும் பொறுப்பிலுள்ள நம் பங்கு மக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெயரைக் கண்டு தாளை ஒதுக்குமுன், சிறு சிக்கலொன்றைக் கொடுத்து, அரைமணி நேரம் அவர் சிந்திப்பதைப் பாருங்கள். பங்கு அலுவலகத்திற்கு ஆள் தேடியபோது நாமும் விண்ணப்பத்தின் முதல் வரியோடு நிறுத்தியதுண்டு. அக்குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இளைஞருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆயினும் அவர் தாளில் பொய் இல்லை. அவருக்காக இம்மாதம் குடும்பச் செபத்தில் மன்றாடுங்கள்.