திரையில் ஓடினால் போதுமா?

ஓசூர் சிப்காட்டில் பல யூனிட்டுகளில் இப்போது வாசலைத் தாண்டியதும் ஒரு பெரிய டிவி தொங்குகிறது. இன்றைய உற்பத்தி இவ்வளவு, மிஷின் ஓடிய நேரம் இவ்வளவு, ரிஜெக்‌ஷன் இவ்வளவு என்று பச்சையும் சிவப்புமாக எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு முதலாளி பெருமையாகக் காட்டுவார். "நேத்து ராத்திரி ஷிப்ட்ல நூத்திப் பதிமூணாவது ஜாப்போட போர் அளவு என்ன?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "அது எப்படி சார் இருக்கும்? அதான் ஸ்கிரீன்ல ஓடிப் போயிடுச்சே" என்பார்.

என் கட்சி இதுதான். ஒரு நிரல் சுற்றிச் சுற்றி வந்து தரும் ஒவ்வொரு வரியும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர வேண்டும். அதன் பிரதி மிஷின் ஓட்டுகிறவர் கைக்கும் போக வேண்டும். இதைச் செய்யாமல் டிவி மாட்டிவிட்டு 'டிஜிட்டல்' என்று போர்டு வைப்பது வெறும் அலங்காரம்.

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டுமா? வேண்டாம். பைத்தான் படிக்கும் முதலாண்டு மாணவனுக்குத் தெரிய வேண்டிய விஷயம். ஃபைலை 'டபிள்யூ' என்று திறந்தால் பழையது முழுக்க அழியும். அந்தத் திறப்பைச் சுழற்சிக்கு உள்ளே வைத்தால் நூறு சுற்று ஓடினாலும் கடைசி வரி மட்டும் மிஞ்சும். வெளியே வைத்தால் இன்றைய நூறும் இருக்கும், நாளை நிரலை மறுபடி ஓட்டியதும் போய்விடும். 'ஏ' என்று திறந்தால் இருப்பதன் கீழே சேரும். ஓர் எழுத்துதான் வித்தியாசம். இன்னொன்று, எழுதச் சொன்ன வரி உடனே டிஸ்க்குக்குப் போய்விடாது, நினைவகத்தில் கொஞ்சம் காத்திருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் வரியும் போச்சு. ஒவ்வொரு வரிக்கும் 'ஃப்ளஷ்' செய்து, டிஸ்க்கில் எழுதும்படி இயங்குதளத்தையும் கட்டாயப்படுத்த வேண்டும். நம் கல்லூரிகளிலோ 'பிரிண்ட்' போட்டுத் திரையில் வந்துவிட்டால் லேப் முடிந்தது, ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து.

மிஷினில் வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. ஃபானுக் கன்ட்ரோலரில் கஸ்டம் மேக்ரோ இருந்தால் 'பி.ஓ.பி.இ.என்.' என்று வழியைத் திறந்து, 'டி.பி.ஆர்.என்.டி.' என்று வரியை வெளியே அனுப்பி, 'பி.சி.எல்.ஓ.எஸ்.' என்று மூடலாம். #3011 தேதி தரும், #3012 நேரம் தரும். பழைய மிஷினாக இருந்தால் ஆர்.எஸ்.232 கேபிளும், மறுமுனையில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் போதும்.

அப்படியிருந்தும் ஏன் செய்வதில்லை? பதிவு இல்லாமல் இருப்பதில் சிலருக்கு லாபம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது. போர் சில மைக்ரான் கூடுதல் என்று காரணம். அளந்த மதிப்புகள் ஷிப்ட் முழுக்கத் திரையில் ஓடியவைதான், காட்ட ஒரு வரி கிடையாது. யார் சொன்னது சரி என்று கடைசிவரை தெரியவில்லை. பெரிய கம்பெனி சொன்னதே கணக்கு. யூனிட்காரர் நஷ்டத்தை ஏற்றார், அதில் ஒரு பங்கு ஆபரேட்டரின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

எல்லையில் இது இன்னும் கூர்மையாகிறது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் நாளுக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றமும் அதே போன்ற மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பவே மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். அப்போது ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் வேறு என்றானது. ஸ்பிண்டில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் சுற்றுகிறது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு, நாளுக்கு 9 மணி நேரத்துக்கோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கோ மேல் உழைத்தால் இரட்டிப்புச் சம்பளம் என்றது. புதிய சட்டத்தொகுப்பிலும் அந்த இரட்டிப்பு இருக்கிறது. ஆனால் கூடுதலாக உழைத்ததை எதை வைத்து நிரூபிப்பது? வருகைப் பதிவேடு கான்ட்ராக்டர் மேஜையில். மிஷினுக்கோ ஒவ்வொரு சைக்கிளும் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று தெரியும். ஆபரேட்டர் எண்ணோடு சேர்த்து அதை எழுதி வைத்தால் அந்த வரிதான் தொழிலாளியின் சாட்சி.

"டெக்ஸ்ட் ஃபைலை யார் வேணும்னாலும் மாத்தலாமே சார்?" நியாயமான கேள்வி. அதனால்தான் பிரதி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்கிறேன். ஷிப்ட் முடிந்ததும் ஃபைலின் ஹேஷ் மதிப்பைக் கணக்கிட்டு இருவரும் வைத்துக்கொள்ளட்டும். ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி தரும் சான்றிதழிலேயே ஹேஷுக்கு இடம் உண்டு.

"எல்லாம் கிளவுட்ல இருக்கு" என்பார்கள் சாஃப்ட்வேர் விற்பவர்கள். மாதச் சந்தா கட்டும்வரை இருக்கும். கட்டாத மாதம் உங்கள் மிஷின் உழைத்த கணக்கை நீங்களே பார்க்க முடியாமல் போகலாம். டேட்டாபேஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேடுவதற்கும் கூட்டிப் பார்ப்பதற்கும் அதுவே வசதி. ஆனால் மூலப்பதிவு, பத்து வருடம் கழித்தும் எந்தக் கம்ப்யூட்டரிலும் நோட்பேடில் திறந்து படிக்கும்படி இருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் நிறைந்த பூமி. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், யார், எந்தப் பூசலில் விழுந்தான் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அடுத்தவன் இறந்தபோது பழைய கல்லைச் செதுக்கி அழிக்கவில்லை, பக்கத்தில் இன்னொன்று நட்டார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கிடைத்த அந்த மரியாதை ராத்திரி ஷிப்டில் கண்விழித்து மிஷின் ஓட்டுகிறவனுக்கு இல்லையா? தொழிற்சங்கங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் கேன்டீன், பஸ், போனஸோடு இதையும் சேர்க்கட்டும்: எங்கள் மிஷின் எழுதும் ஃபைலின் பிரதி எங்களுக்கு வேண்டும்.